பந்தக்கால் நட்ட அன்று வந்தவர்

என் முதல் கல்யாணத்தை ஊர்க்கூட்டத்தில்தான் முடித்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "தீந்துபோச்சி" என்றார்கள் பெரியவர்கள். அப்புறம் கோர்ட்டில் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனுப் போட்டது வெறும் சம்பிரதாயம் என்றே நினைத்தேன். உத்திரமேரூரில் வேறு மாப்பிள்ளை அமைந்ததும் தேதி குறித்துவிட்டோம்.

பந்தக்கால் நடும்போது வாசலில் பைக் வந்து நின்றது. என் முதல் கணவர். குழி தோண்டிய கடப்பாரையோடு அப்பா நிமிர்ந்தார்.

"சண்டைக்கு வர்ல மாமா. ஊர்ல தீத்தது பத்தாதாம். கோர்ட்டு இன்னும் தீர்ப்பு குடுக்கல. அதுக்குள்ள தாலி கட்டினா இந்தக் கல்யாணம் செல்லாது. நான் ஒரு கம்ப்ளைண்ட் குடுத்தா இவ ஜெயிலுக்குப் போவணும்."

மிரட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கும் பொண்ணு பாத்துக்கினு கீறாங்க. வக்கீலாண்ட கேக்கப் போனேன். அவரு சொன்னதும் உன் நெனப்பு வந்திச்சி."

கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். உத்திரமேரூர்க்காரரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

குடித்தனம் நடத்திய காலத்தில், கடையில் தனக்கு டீ சொல்லும்போது எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றாத மனுஷன் என் முதல் கணவர். தீர்ப்பு வந்த அன்று, கோர்ட் வாசல் கடையில், என்னைக் கேட்காமலே இரண்டு டீ சொன்னார். குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறினோம்.

இந்த ஆள் அத்தனை நாளும் எங்கே இருந்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.