ஒன்றும் கேட்காத போலீஸ்காரர்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த இளம் போலீஸ்காரர் உட்கார்ந்ததும் அவருடைய தோல் பெல்ட்டின் வாசனை கூடத்தில் பரவியது. ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் அத்தா வைத்திருந்த தோல் கடையின் வாசனை அது.

அப்போது எனக்கு எட்டு வயது. திருட்டுச் சந்தேகத்தில் என் அண்ணன் காசிமை ஸ்டேஷனுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். மறுநாள் மதியம் ஒரு போலீஸ்காரர் கடை வாசலில் வந்து நின்றார்.

"பையன் மேல தப்பில்ல பாய். வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அத்தா தலையாட்டி அவரை அனுப்பினார். வீட்டுக்குள் வந்து அம்மாவிடம், "போலீஸ்காரன் சும்மா வருவானா? என்னையும் உள்ள வைக்கத்தான் கூப்புடுறான்" என்று சொல்லிவிட்டுப் பழனி பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் அந்தப் போலீஸ்காரரே அண்ணனைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"இவருதாம்மா என்னைய அடிக்க விடல" என்று அண்ணன் அழுதான்.

மூன்றாம் நாள் திரும்பிய அத்தா, அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார்: "அவன் என்ன கேட்டான்?"

"ஒண்ணுமே கேக்கல."

"அப்ப இனிமேத்தான் கேப்பான்."

அந்தப் போலீஸ்காரர் மாற்றலாகிப் போகும்வரை, அவர் எதிரே வந்தால் அத்தா பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடுவார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முடிஞ்சதும்மா, வாரேன்" என்று பாஸ்போர்ட்டுக்கு வந்த இளைஞர் எழுந்தார். காசு ஒன்றும் கேட்காமல் போகிறாரே என்று எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.