கிழக்குச் சுவர் நகர்ந்த வாரம்

கொல்லங்கோட்டுக்குப் பக்கத்துக் கருங்கல் குவாரி ஒன்றில் என் வேலை, சுவர்களைக் கவனிப்பது. அப்படிச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சும்மா நிற்கிற பாறையில் கவனிக்க என்ன இருக்கிறது என்பார்கள். நல்லேப்பிள்ளியில் எங்கள் சொந்தக்காரர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வயல் வைத்திருக்கிற வீட்டுப் பெண் நிலவியல் படித்துவிட்டுப் பள்ளத்துக்குள் போய் நிற்கிறாள் என்று பேசிக்கொள்வார்கள்.

எனக்கு அந்தப் பள்ளம் பிடிக்கும். படிப்படியாக வெட்டி இறக்கிய சுவர்களில் அங்கங்கே சிறு கண்ணாடிகளைப் பதித்திருக்கிறோம். எதிர்ப்பக்கம், அசையாத பாறைமேல் அளவுக் கருவியை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாடியும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று காலையில் பார்ப்பேன். இருந்தால்தான் கீழே வண்டி இறங்கும்.

ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில் அடித்த வாரம் அது. கிழக்குச் சுவரின் மேல்படிக் கண்ணாடி ஒன்று பள்ளத்தை நோக்கி நகர்ந்திருந்தது. நகத்தின் அகலம்கூட இல்லை. முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். மட்டம் சரிபார்த்து மற்ற சுவர்களையும் அளந்தேன். அவை அப்படியே இருந்தன. மறுநாள் அதே கண்ணாடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, பக்கத்தில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஒன்று நகர்ந்தால் மயில் தட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே பக்கமாக நகர்ந்தால் சுவரே நகர்கிறது.

சுவரின் தலைக்கு ஏறிப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. புல்லை விலக்கியபோது, பள்ளத்தின் விளிம்போடு நீளமாக ஒரு வெடிப்பு. கை உள்ளே போனது. உள்ளே ஈரம்.

தோப்புக்காரர் மண்வெட்டியோடு வந்தார். "ஏனுங் அம்மிணி, இங்க என்ன தேடறீங்க?"

"உங்க வாய்க்கால் தண்ணி எங்கீங்க போகுது?"

"மரத்துக்குத்தான். கடைசி வரிசைக்கு மட்டும் எட்டவே மாட்டேங்குது."

வாய்க்காலின் கரை உடைந்து தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குவதைக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு சருகைப் போட்டார். அது சுழன்று உள்ளே போய்விட்டது. எழுந்து போய் மடையை அடைத்தார்.

கண்ணாடிகள் நகர்ந்த அளவை வரைபடமாக்கி, குவாரி மேலாளரிடம் கணினியில் காட்டினேன்.

"மழைதான் விட்டுப்போச்சே," என்றார். "இனி என்னத்த நகரப்போகுது?"

"மேலதாங்க காஞ்சிருக்கு. உள்ள தண்ணி நிக்குது."

"ரெண்டு நாள் பாக்கலாமுங்களா?"

"பாக்கலாமுங்க. கீழ ஆளில்லாம பாக்கலாம்."

அவர் திரையில் மேல்நோக்கி வளைந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி, நிறுத்திருங்க," என்றார்.

பொக்லைன் ஓட்டுநர் அவ்வளவு எளிதில் கேட்கவில்லை. ஆயில் ஹோஸ் வெடித்து அவருடைய வண்டி அந்தச் சுவருக்கு நேர் கீழேயே நின்றிருந்தது. பாதையின் குறுக்கே நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது புது ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அரை மணி நேரம் குடுங்க மேடம். மாத்திட்டு வெளிய கொண்டாந்தர்றேன்."

"அந்த அரை மணி நேரத்துக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாதுங்கண்ணா."

"ஒண்ணும் உழுகலீன்னா?"

"என்னையத் திட்டுங்க. திட்டறதுக்கு நீங்க இருக்கோணுமில்ல?"

அவர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுத் தார்ப்பாய் நிழலில் போய் உட்கார்ந்தார். டீ கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் கோபமாக உட்கார்ந்திருந்த இடம் சுவரிலிருந்து வெகு தூரம்.

அன்று முழுக்க அடுத்தடுத்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடி முன்னைவிட வேகமாக நகர்ந்தது. விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் விழுந்தது. முதலில் பொடிக்கற்கள் உதிர்ந்தன. பிறகு சுவர் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. தோப்பின் ஓரத்துத் தென்னை ஒன்று சாயாமல், நின்ற நிலையிலேயே பாதி தூரம் கீழே வந்தது. அதற்குப் பிறகு தூசியில் ஒன்றும் தெரியவில்லை. தூசி அடங்கியபோது, மண்ணுக்கு மேலே பொக்லைனின் கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் என் பக்கத்தில் வந்து நின்றார். "கேபின் தெரியலீங்களே."

"தெரியலீங்க."



அன்று சாயங்காலம் அம்மா கேட்டார். "கல்லு உழுந்துச்சாமே. நீ எங்க இருந்த?"

"உழுகாத பக்கம்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அதுக்குத்தான போறேன்," என்றேன். அம்மா தட்டில் இன்னொரு தோசை வைத்தார்.

பிறகு அந்தச் சுவரைச் சரிவாகச் செதுக்கி, தண்ணீர் வடியத் துளைகள் போட்டோம். தோப்புக்காரர் வாய்க்காலைத் தூர்த்துவிட்டுக் குழாய் பதித்தார். புதைந்த வண்டியை வெளியே எடுக்க வேறொரு பொக்லைன் வந்தது. அதை ஓட்ட, புதைந்த வண்டியின் ஓட்டுநர் வேறு ஆளை விடவில்லை. நான் இறங்கலாம் என்று சொன்ன அன்றே அவர்தான் ஓட்டினார். மண்ணை விலக்க விலக்க, தகடாக நசுங்கிய கேபின் தெரிந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தார். மேலே ஏறி வந்து, "வாங்க மேடம், டீ குடிக்கலாம்," என்றார். போனோம்.