டேலியாவுக்கு ஒரு குளிர்காலம்

மலாக்காவில் குளிர்காலம் கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. டேலியா கிழங்கைத் தோண்டிப் பாதுகாப்பது பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாம் பனி விழும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அதனால் நான் அசரவில்லை. வேறு எங்கோ உட்கார்ந்து எழுதிய விதியை உள்ளூருக்குப் பொருத்துவதுதான் ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகத்தில் என் பிழைப்பு.

டுரியான் துங்காலில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த அந்தச் செடி, என் மனைவியின் அக்கா கொடுத்தது. குளிரான கேமரன் மலையில் வாழ்க்கைப்பட்டவர். ஒருமுறை வந்தபோது பஸ்ஸில் வழிநெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கருஞ்சிவப்புப் பூ. போன ஆண்டு அவர் இறந்துபோனார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் தேங்கி, தண்டு அடியில் கறுக்கத் தொடங்கியது. மனைவி தினமும் காலையில் எழுந்ததும் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவாள்.

நான் முறைப்படி இறங்கினேன். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினேன். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு கிழங்குக் கொத்தை எடுத்தேன். கழுவி, அழுகியதை நீக்கி, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, கார் நிறுத்தும் இடத்தில் நிழலில் உலர்த்தினேன். தண்டோடு ஒட்டிய கழுத்தில்தான் முளைக்கும் கண் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பிரயோசனமில்லை, என் பழைய மேலதிகாரிகள் சிலரைப் போல. மூன்று தேறின.

ரெம்பியாவில் ஒரு மரப்பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளில் அவற்றைப் புதைத்து, ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னாங்க, நமக்கே ஏர்கோன் இல்ல. கிழங்குக்கு ஏர்கோனா?"

"அது தூங்கணும். நம்ம ஊரு சூட்டுல தூங்காது."

"நீங்க ஆபீஸ்ல எப்படித் தூங்குனீங்க?"

"அங்க ஏர்கோன் இருந்துச்சு."

தீபாவளி வந்தது. சாவு நடந்த ஆண்டுதான்; ஆனாலும் கொண்டாட எங்களுக்குத் தடை இல்லை. கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டைச் சேர்ந்தவள்; ஆண்டுத் துக்கம் அவர்களுக்குத்தான். கூடப் பிறந்த தங்கைக்குச் சில நாள் தீட்டு, அதோடு சரி. உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொன்னதும் நான்தான். மனைவி வழக்கம்போல் முறுக்கு பிழிந்தாள்.

பண்டிகைக்கு முதல் நாள் மகன் ஆட்டிறைச்சியும் கேக்குமாக வந்து இறங்கினான். ஐஸ்பெட்டியில் இடமில்லை. அடித்தட்டை இழுத்தான்.

"என்னப்பா இது, மரத்தூளு? வெளிய வச்சிரவா? ரெண்டு நாள்தானே."

இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி அடுப்பை விட்டு வந்தாள். மறுநாள் தோசைக்கு அரைத்து வைத்திருந்த மாவுச் சட்டியை ஐஸ்பெட்டியிலிருந்து தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"இத வெளிய வைங்க."

"புளிச்சுப் போயிரும்மா. நாளைக்குத் தீபாவளி, தோசை இல்லையா?" என்றான் மகன்.

"கடையில ரொட்டி சானாய் வாங்கித் தின்னுங்க லா. அது அக்காவோடது. அங்கயே இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் தீபாவளிக் காலையில் கடைச் சாப்பாடு நுழைந்ததில்லை. இறுதிச் சடங்கு முடிந்து திரும்பியதிலிருந்து 'அக்கா' என்ற சொல்லும் அவள் வாயில் வந்ததில்லை. அவள் அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். நான் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன விதியை நினைத்துக்கொண்டு, சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

மழை விட்டதும் மரத்தூளைக் கிளறினோம். ஒன்று சுருங்கியிருந்தது. ஒன்று பூசணம் பிடித்திருந்தது. மூன்றாவதைக் கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே அவள் கண்டுபிடித்தாள்: கழுத்தில், குண்டூசித் தலை அளவு, இளஞ்சிவப்பாக ஒரு கண்.

"முழிச்சிருச்சு," என்றாள்.

நான் தொட்டி மண்ணில் மணல் கலக்க ஆரம்பித்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து கிழங்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொடு, வச்சிரலாம்."

"நீங்க மெதுவா கலக்குங்க. இது கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும்."