பிப்ரவரி ஒன்பதில் பாதி

குருசாமி அண்ணனுக்குச் சமையல் வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவது விளங்க வேண்டும் என்பதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன். வயது ஐம்பத்தெட்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, முப்பது வருடமாகப் பனியன் கம்பெனியில் பிளாட்லாக் தையல் மிஷினில் டெய்லராக இருக்கிறார். மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பம், ஒரே குழாய். கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. நடுச்சுவர் மெல்லிசு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அவர் சம்சாரம் சின்னத்தாய் அக்கா அதே மிஷினில் அவருக்குக் கைமடி. டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுத்து, தைத்து வருவதை வாங்கி, நூல் வெட்டி அடுக்குகிற ஆளுக்குத்தான் கைமடி என்று பெயர். மிஷினுக்கு இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் பொண்டாட்டி. நான் என் வீட்டுக்காரரைக் காலையிலும் ராத்திரியிலும் மட்டும் பார்த்தே இந்தப் பாடு படுகிறேன். அவர்கள் ஷிப்ட், அதற்குமேல் ஓவர்டைம் எல்லாவற்றையும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடியே ஓட்டினார்கள். சண்டை போடாத நாள் கிடையாது. மிஷினில் ஆரம்பித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயடியில் முடிப்பார்கள். அப்புறம் அவர் அக்காவுக்குக் குடம் தூக்கிக் கொடுப்பார்.

இப்போது பிறந்தநாள் கதைக்கு வருகிறேன். அக்கா பிறந்தது பிப்ரவரி ஒன்பது. அவளுடைய அப்பா எழுதப்படிக்கத் தெரிந்தவர், வீட்டுச் சுவரில் தேதியை எழுதி வைத்திருந்தாராம். அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண்மாய் உடைந்த வருடத்தில் பிறந்தான், அன்றைக்கு வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது, இவ்வளவுதான் அவர் அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் அவராக மே இருபது என்று எழுதிக்கொண்டார். அதுதான் இன்றைக்கு ஆதார் வரைக்கும் வந்திருக்கிறது.

கல்யாணமான புதிதில் அக்கா இதற்கு ஒரு முடிவு கட்டினாள். "என் ஒம்போதாம் தேதில பாதி உங்களுக்கு. ரெண்டு தடவ அடுப்படியில நிக்க என்னால முடியாது" என்றாளாம். அதிலிருந்து ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள். அன்றைக்கு ரெண்டு பேரும் லீவு. விடியும் முன்னே பாசிப்பருப்புப் பாயசம் கொதிக்கும். லைனில் உள்ள அத்தனை வீட்டுக்கும் மூடி போட்ட போசிப் பாத்திரம் நிறையக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி அவிநாசிக் கோயிலுக்குப் போய்வருவார்கள்.

கம்பெனியில் எச்.ஆர். என்று ஒரு பெண் வந்த பிறகு, ஆதார் தேதியைப் பார்த்து மே இருபதுக்குக் கேக் வெட்டுகிறார்கள். இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிவிட்டு, ஒரு துண்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். அக்கா அதை வாங்கித் தின்றுகொண்டே, "ஆதார் குருசாமிக்கு வயசு ஏறிப் போச்சு, நம்ம குருசாமி அப்படியேதான் இருக்காரு" என்று லைன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

போன ஆடியில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டாள். நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். திட்டினால் கேட்கிற ஆளா அவள்.

அதற்குப் பிறகு கம்பெனியில் அண்ணனுக்கு ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக மூன்று கைமடிப் பெண்களைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பேரோடும் ஒத்துவரவில்லை. ஒருத்தி மடிப்பு சரியில்லையாம், ஒருத்தி மெதுவாம். மூன்றாவது பிள்ளை நன்றாகத்தான் செய்ததாம், ஆனால் வாயே திறக்கவில்லையாம். இப்போது அவரே மடித்து, அவரே தைத்து, அவரே நூல் வெட்டுகிறார். சாப்பாடு மெஸ்ஸில்.

ஒரே மகள் தமிழ்மதி ஓசூரில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். இந்த வருடம் பிப்ரவரி எட்டாம் தேதி சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சலாம், வர முடியவில்லையாம். அப்பா ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழுதாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளையைக் கவனி என்று வைத்துவிட்டேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. பாயசம் வைத்துக் கொடுக்கலாமா என்று என் வீட்டுக்காரர் பூபாலனைக் கேட்டேன். துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீட்டில் இனிப்பா என்று அவர் கேட்டார். அதுவும் சரிதான். இந்த ஒரு வருஷத்துக்கு அண்ணன் கோயிலுக்கும் போகக்கூடாது. இன்னொரு சங்கடம் வேறு இருந்தது. போன பிப்ரவரியில் பாயசம் வந்த அக்காவின் போசி என் அலமாரியிலேயே இருந்தது. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாதே என்று நாளைத் தள்ளினேன். தள்ளித் தள்ளி, கொடுக்க வேண்டியவளே இல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெல்லம் தீய்கிற வாசம் வந்தது. மாவு பிசைந்த கையோடு போய் எட்டிப் பார்த்தேன். அண்ணன் பனியனும் கைலியுமாக அடுப்பின் முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் அக்காவின் பெரிய குண்டா. ஐந்து வீட்டுக்கு வைக்கிற அளவு. வேறு அளவு அவருக்குத் தெரியாதே.

கரண்டியை வாங்கிப் பார்த்தேன். பருப்பு கல்லாகக் கிடந்தது. "எப்பங்கண்ணா வெல்லம் போட்டீங்க?" என்று கேட்டேன். பருப்போடு சேர்த்தே போட்டாராம், ஒரு மணி நேரமாக வேகவில்லையாம். வெல்லம் விழுந்த பருப்பு அதற்குமேல் எங்கே வேகும்? முப்பது வருஷமாகப் பாயசம் குடித்த மனிதருக்கு இது தெரியவில்லை.

"மடிக்கறதுக்கு முன்னாலயே தெச்சுப்போட்டீங்க போங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு கேக்கேன் தங்கச்சி. இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாளு? அவளுக்குன்னா, செத்தவளுக்குப் பாயசம் கிடையாது, கீழே ஊத்திருதேன். எனக்குன்னா வைக்கலாம். ஆனா எனக்குன்னு சொல்ல வாய் வரமாட்டேங்கு. இது அவ தேதியில்லா. நான் சும்மா பங்கு வாங்குனவன். அவளே போன பொறவு பங்கு ஏது?"

காலையிலிருந்து அந்த மனிதர் கிண்டிக்கொண்டிருந்தது பாயசத்தை அல்ல, இதைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வருகிறதைத்தான் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, பொண்ணுக்குப் போட்ட சீரை, போட்டவங்க செத்துட்டாங்கன்னு யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? அக்கா பாதியக் குடுத்தது குடுத்ததுதான். அவ பாதிக்கு வருஷம் திரும்பட்டும். உங்க பாதிக்கு இன்னைக்குப் பாயசம் வெக்கலாம்."

அவர் யோசித்தார். மிஷினில் தையல் விட்டுப்போனால் அவர் பார்க்கிற பார்வை அது. பிறகு, "அப்போ பாதி அளவு போதும்ங்க" என்றார். எங்கள் ஊருக்கு வந்து முப்பது வருடத்தில் அவர் 'ங்க' போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெல்லத் தண்ணீரைத் தனியாக வடிக்கச் சொன்னேன். பருப்பை மூன்று தடவை கழுவி, பாதியை என் குக்கரில் போட்டேன். மீதிப் பாதியை என்ன செய்வது என்று கேட்டார். நாளைக்கு என் வீட்டில் அது பருப்பு வடை ஆகும், உங்களுக்கெதற்கு அந்தக் கவலை என்றேன். அவரைச் சும்மா நிற்க விட்டால் மறுபடியும் கேள்வி கேட்பார் என்று தேங்காயைக் கையில் கொடுத்து, இன்றைக்கு நீங்கள்தான் கைமடி, துருவுங்கள் என்றேன். ஏலக்காயைத் தட்டச் சொன்னேன். நான் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எடுத்து நீட்டினார். முப்பது வருடம் எதிரில் பார்த்த வேலை இல்லையா. "உங்க கைமடி பரவால்லீங்கண்ணா, அந்த மூணு புள்ளைகளுக்கும் நீங்களே கத்துக்குடுத்திருக்கலாம்" என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தார்.

எட்டு விசில் விட்ட பிறகு பருப்பு ஒரு வழிக்கு வந்தது. வெல்லத்தைச் சேர்த்து இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் போசியைக் கொண்டுவந்தேன். அதில் ஒரு கிலோ பச்சரிசி போட்டிருந்தேன். அவர் போசியை வாங்கி மூடியைத் திறந்து அரிசியைப் பார்த்தார். மூடியின் அடியில் வெட்டியிருந்த சின்னத்தாய் என்ற பெயரை விரலால் தடவினார். ஒரு வருஷமாக வைத்துக்கொண்டிருந்ததற்கு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அரிசியை டப்பாவில் கொட்டிவிட்டு, போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். வேண்டாம் என்றார். "ஆளில்லாம இல்ல தங்கச்சி. இன்னைக்கு ஒருநா தனியா இருந்து பாக்கேன்." வாய்க்கு வந்ததை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

எட்டு மணிக்கு அவரே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து பாயசம் கொடுக்க ஆரம்பித்தார். பாதி அளவு என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டம்ளர்தான். நான் வாசலில் பாத்திரம் தேய்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். முதல் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மா என்றார். ரெண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டு வேலாத்தாள் விடவில்லை. துக்க வீட்டில் ஏது பாயசம் என்று நேராகவே கேட்டுவிட்டாள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். போகவில்லை.

அண்ணன் டம்ளரை அவள் கையில் வைத்தார். "எனக்குப் பொறந்தநாளு" என்றார். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. வேலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இருங்க சாமி என்று வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக என் வாசலுக்கு வந்தார். மற்ற வீட்டுக்கெல்லாம் டம்ளர், எனக்கு மட்டும் அக்காவின் போசி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "எனக்குப் பொறந்தநாளு, தங்கச்சி" என்றார்.

அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தேன். ஏலக்காய் கூடுதல், வெல்லம் கம்மி. "பருப்பு இன்னும் பதம் வரலீங்கண்ணா" என்றேன்.

"அடுத்த வருசம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க அவர் கதவு ஒருக்களித்தே இருந்தது. டிவி ஓடியது. மகளோடு வெகுநேரம் போனில் பேசினார். மத்தியானம் குறட்டை கேட்டது. நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. போசி என் அலமாரியில்தான் இருக்கிறது. இந்த முறை சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.