பிஸ்கட் உறையின் பின்பக்கம்

எந்த பிஸ்கட்டில் பால்பொடி கலந்திருக்கிறது என்பது என் பெரியம்மா நர்கிஸுக்கு மனப்பாடம். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு நோன்பில் பால், முட்டை, இறைச்சி எதுவும் ஆகாது. ஆண்டில் பாதிக்கு மேல் நோன்புதான். கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் எங்கள் தெருப் பெண்கள் கடையில் நின்றபடியே அவருக்குப் படம் அனுப்புவார்கள். ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும்: "கீழ வச்சிடு. பால் இருக்கு."

பதினான்கு வாட்ஸ்அப் குழுக்கள், எல்லாமே சபைக் குழுக்கள். எதைக் கேட்டாலும் ஒரு பிரசங்கத்தை எடுத்து அனுப்புவார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு நோன்பு நாளில், என் அக்காவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அம்மாவே கேக் செய்திருந்தாள். பெரியம்மா சமையலறைக்குள் போய் ஒரு டப்பாவோடு வந்து அம்மாவிடம் உரக்கப் படித்தார். "இன்சாஃப், இந்த மார்கரின்ல பால் இருக்குடி!" அத்தனை தட்டுகளும் மேசைக்குத் திரும்பின. அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. நாங்கள் மூன்றாம் மாடி. அவர் நான்காம் மாடி.

இப்போது எங்களுக்குக் கனடா விசா வந்துவிட்டது. சனிக்கிழமை விமானம்.

தானே முதலில் போய்ப் பேசலாமா என்று பெயர் சொல்லாமல் குழுக்களில் கேட்டார் பெரியம்மா. அறுபத்து மூன்று பதில்கள் வந்தன. போ என்று பாதி, போகாதே என்று பாதி. அத்தனையையும், தான் பாவஅறிக்கை செய்யும் பாதிரியார் அபூனா சித்ராக்கிடம் போனில் படித்துக் காட்டினார். அபூனாவுக்கு முப்பது வயது.

"நர்கிஸ் அக்கா, அறுபத்து மூணு பேரைக் கேட்டாச்சு. ஆண்டவரைக் கேட்டீங்களா?"

பெரியம்மா போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, மூன்று நாள் ஜெபம் செய்தார்.

"பதில்னு ஒண்ணும் வரல," என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "அந்தக் கேக் தட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பின்னாலேயே உங்கம்மா மூஞ்சி."

நோன்பு நாளான வெள்ளிக்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. அம்மாதான் திறந்தாள்.

"என்ன, உன் குழு அனுப்பிச்சுதா?"

"அதுல பாதிப் பேர் போகாதேன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வந்தே?"

"அன்னிக்கு நான் படிச்சது சரி, இன்சாஃப். செஞ்சது தப்பு. எல்லார் முன்னாடியும் உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன்."

அம்மா உள்ளே போனாள். கறுப்புத் தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"நோன்பு பிஸ்கட்தான். விசாரிச்சுத்தான் வாங்கினேன்."

பெரியம்மா தட்டை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துத் தேநீரில் முக்கிச் சாப்பிட்டார்.

"நல்லாருக்கு. இன்னொண்ணு குடு."

அம்மா பயணப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். பெரியம்மா மூன்றாவதையும் தின்றார்.

சமையலறையில் என்னோடு கோப்பைகளைக் கழுவியபோது பெரியம்மா பிஸ்கட் உறையைக் கசக்கி என் கையில் திணித்தார். "குப்பைக்கு அடியில போடு." திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் பால்பொடி.

"பெரியம்மா, தெரிஞ்சேவா..."

"வாயை மூடுடி. அபூனாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அக்கா! இந்தப் பொட்டி மூட மாட்டேங்குது. வந்து மேல உட்காரு!"

கையைத் துடைக்கக்கூட நிற்காமல் ஓடினார் பெரியம்மா.