ஃபிளோராவின் ஒற்றைப் பரங்கிக்கொடி

திருப்பனந்தாள் பக்கம் எங்க தெருவுக்கு வந்து ஃபிளோரா வீடு எதுன்னு கேட்டா, பரங்கிப்பூவுக்கு நூல் கட்டுற டைலரம்மாவான்னுதான் திருப்பிக் கேப்பாங்க. எதிர்வீட்டுக்காரிங்கிற உரிமையில நானும் கிண்டல் பண்ணியிருக்கேன். பூவுக்கு ஜாக்கெட் தைக்கலையான்னுகூடக் கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிடுவா.

அவ வீட்டுக்காரர் சவரிராஜ் வருஷா வருஷம் போட்ட பரங்கி அது. மாவா இருக்கும், அப்படித் தித்திக்கும். அவர் தவறின வருஷம் காய்ச்சதுலேருந்து இவ விதை எடுத்துப் போட்டா. மறுவருஷம் சப்புன்னு தண்ணிக்காயா வந்துது. அவர் தவறின வருஷந்தான் பக்கத்து வீட்டு நீலாயதாட்சி மாமி கொல்லையில புதுசா கடைவிதைக் கொடி. தேனீ அங்கேயும் இங்கேயும் போய் மகரந்தத்தைக் கலந்துடுச்சு. அந்தக் காயை அரிஞ்சு வெச்சுக்கிட்டு அவ அழுதாளே, அவரை அடக்கம் பண்ணின அன்னைக்குக்கூட அப்படி அழலை.

டப்பாவுல சவரிராஜ் எடுத்து வெச்ச பழைய விதை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. எல்லாத்தையும் போட்டா, ஒண்ணே ஒண்ணுதான் முளைச்சுது. இதுவும் கலந்துட்டா அந்தப் பரங்கி அதோட சரி. அதனாலதான் நூல். மறுநாள் விரியப்போற ஆண்பூ, பெண்பூ ரெண்டையும் சாயந்தரமே மொட்டுல கட்டிடுவா. காலையில அவுத்து, ஆண்பூவைப் பெண்பூவுல தடவிட்டு, தேனீ நுழையாம திரும்பக் கட்டிடுவா. ஐப்பசி மழை அந்தப் பிஞ்சையெல்லாம் அழுக வெச்சுடுச்சு. மார்கழியில கொடி காயுற நேரத்துல ஒரே ஒரு பெண்பூ வந்துது, அதுக்கு ஜோடியா ஒரு ஆண்பூ.

மார்கழின்னா வாசல் கோலத்துல சாணிப் பிள்ளையார் தலையில பரங்கிப்பூ வெக்கணும். ஆண்பூ எப்படியும் காய்க்காதேன்னு யார் கொடியிலேருந்து பறிச்சாலும் எங்க தெருவுல யாரும் கேக்கமாட்டாங்க. அன்னைக்கு விடியக்காலம் மாமி வேலியோரமா கைவிட்டு அந்த ஆண்பூவைப் பறிச்சுட்டாங்க. இருட்டுல நூல் தெரியலை. மொட்டுதானே, வெயில் வந்தா விரியும்னு வெச்சுட்டாங்க.

ஃபிளோரா தேடிக்கிட்டு ஓடிவந்தா. வாசலை அடைச்சு அவ்வளவு பெரிய கோலம், நட்டநடுவுல பிள்ளையார், தலையில இவ பூ. கோலத்தை மிதிக்க மனசு வராம ஓரத்துலயே நின்னுட்டா. எனக்கு வந்துதே ஆத்திரம், மாமியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். ஃபிளோரா என் கையைப் பிடிச்சா.

"சாமிக்கு வெச்சது, அக்கா. விட்டுடுங்க."

சொல்றப்பவே கண்ணுல தண்ணி. என்ன ஏதுன்னு மாமி கேக்க, நான்தான் எல்லாத்தையும் சொன்னேன். மாமி அவ்வளவு நேரம் குனிஞ்சு போட்ட கோலத்து மேலயே நடந்துபோய்ப் பூவை எடுத்துவந்து, சாணியைத் துடைச்சு நீட்டினாங்க.

"நூல் அவுழலை பாரு. ஓடு."

ஃபிளோரா ஓடிப்போய்ப் பெண்பூவுல தடவினா, அந்தப் பிஞ்சு அழுகாம காயா நின்னுடுச்சு. பங்குனியில அரிஞ்சா, அதே மாவு, அதே தித்திப்பு. ஃபிளோரா விதையைக் கழுவிக் காயவெச்சு, சரிபாதியை எடுத்துக்கிட்டு மாமி வீட்டுக்குப் போனா.

"உங்க கொல்லையிலயும் இதையே போடுங்க மாமி. அங்கேருந்து தேனீ வந்தாலும் அவர் பரங்கிதானே வரும்."

மாமி முந்தானையை விரிச்சு வாங்கிக்கிட்டாங்க.