பதில் போய்ச் சேரும் போன்

இப்போதெல்லாம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். நீங்கள் அனுப்பும் பதில் போய்ச் சேரும்போது அந்தப் போன் யார் கையில் இருக்கும்? சிலர் சிரிப்பார்கள். போனுக்குச் சொந்தக்காரர் கையில்தான் இருக்கும், வேறெங்கே இருக்கும் என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்ன மடையன்தான். என் மண்டையில் குட்டி அதை இறக்கியவர் ஏலவார்குழலி.

என் பெயர் புருஷோத்தமன். சின்னத் தொண்டு நிறுவனங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கிவிடுவது என் வேலை. யாருக்கும் கேடு வராமல் பழக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். போன வருடம் ஒரகடத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, மூன்று அறையில் நடக்கும் ஒரு அறக்கட்டளைக்கு என்னை அனுப்பினார்கள். விடுதிகளில் தங்கித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களுக்கு உதவுகிற இடம். செயலாளர் யாக்கோபு ஐயா, அறுபது தாண்டியவர். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் குழலி.

குழலிக்கு முப்பத்தாறு வயது. வாலாஜாபாத் பக்கம். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எட்டு வருடம் லைனில் நின்றவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் பாபு கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சும்மா உட்காரத் தெரியாத குழலி, வண்ணாரப்பேட்டையில் மொத்தமாக நைட்டி வாங்கிவந்து விடுதி விடுதியாக விற்றார். நைட்டியைப் பிரித்துப் பார்க்கிற சாக்கில் பெண்கள் தங்கள் கஷ்டத்தையும் பிரித்து வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் யாக்கோபு ஐயா அவரை வேலைக்குச் சேர்த்தார். இனிமேல் நைட்டி வியாபாரம் கூடாது என்று ஒரு கண்டிப்பும் போட்டார். ஐயா அப்படிப்பட்டவர், கோடு போட்டால் கோடுதான்.

விடுதிப் பெண்களிடமிருந்து தினமும் எண்பது, தொண்ணூறு குரல் செய்திகள் வரும். குழலி காதில் மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் கேட்பார், நோட்டில் எழுதுவார், பதில் சொல்வார். ஒரு பதிலுக்கு ஒரு நாள்கூட ஆகும். நான் கொண்டுபோன கருவி குரலைக் கேட்டு எழுதும், சுருக்கும், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும். சிவப்பு என்றால் அவசரம், அது குழலியிடம் மட்டும் போகும். மற்றதுக்குக் கருவியே பதில் அனுப்பும். அதற்கும் ஒரு பாதுகாப்பு வைத்தேன். கருவி தப்பாகப் புரிந்துகொள்ளலாம் இல்லையா? அதனால் "உங்கள் புகாரை இப்படிப் புரிந்துகொண்டோம், சரியா?" என்று அனுப்பியவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளும். அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

கூட்டத்தில் குழலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், அந்தப் பதிலு எப்போ போவும்?"

"பதினைந்து நிமிஷத்துக்குள்ள போயிடும் மேடம்."

"அவ்ளோ சீக்கிரம் வேணாம் சார்."

"ஏன் குழலி? லேட்டாப் போறதுதானே இத்தனை நாளா பிரச்சினை?" என்றார் யாக்கோபு ஐயா.

குழலி ஐயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மெஷின் வந்தால் தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். ஏன் என்று தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன், நோகப்போவது இன்னொருத்தியின் கால் என்று தெரியாமல்.

ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது, வந்ததெல்லாம் சம்பளப் பாக்கி, லீவு மாதிரி கேள்விகள்தான். பத்தாவது நாள் மத்தியானம் ஒன்று நாற்பது. கருவி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, குழலி வழக்கம்போல எல்லாச் செய்தியையும் தன் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். அதை விடச் சொல்லி நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். சட்டென்று எழுந்து நின்றார்.

"சார், இத்த கேளு."

மரியாதை பறந்துவிட்டதை நான் கவனித்தேன். காதில் வைத்தால், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் தங்கமாரி பேசுதேன். மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவார பரசுராமன் இருக்காம்லா, வார்டனம்மா தம்பி, எல்லாரும் காலை ஷிப்டுக்குப் போனப்புறம் நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சு கதவத் தட்டுதான். மூணு நாளா தட்டுதான். ஊருக்குத் தெரிஞ்சா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு, வேலையும் போயிரும். வேற ஹாஸ்டல் பாத்துத் தாங்கக்கா. அவசரம் இல்லக்கா, ஒங்களுக்குச் சிரமம்னா மெதுவாப் பாருங்க."

தெற்கத்திப் பிள்ளை. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று வளர்ந்தவள், தீப்பற்றினாலும் அவசரமில்லை என்றுதான் சொல்லுவாள். கருவி அந்த ஒரு சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு மஞ்சள் போட்டிருந்தது.

"பதிலு போயிடுச்சா?"

"ஒன்று முப்பத்தஞ்சுக்கே போயிடுச்சே!" என்றேன், ஏதோ சாதித்தவன் மாதிரி.

"அடப்பாவி மனுஷா! ஒண்ணரைக்கு பஸ்ஸு. போனெல்லாம் இந்நேரம் வார்டன் கையில கீது!"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கேமரா உள்ள போனைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். கேட்டில் கொடுத்து வைத்தால் திரும்ப வாங்க நீள வரிசை, அதற்குள் பஸ் போய்விடும். அதனால் அந்த விடுதிகளில் பஸ் ஏறும்முன் எல்லோரும் வார்டனிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள். லாக் போட்ட போனை வார்டன் வாங்கமாட்டார், அது விடுதிச் சட்டம். குழலி இத்தனை நாளும் பதில் அனுப்பியதெல்லாம் "நைட்டி வந்திருக்கு, எப்ப வரட்டும்?" என்றுதான். பெண்கள் எல்லோருடைய போனிலும் எங்கள் நம்பரின் பெயர் 'நைட்டி அக்கா'. தாங்கள் அனுப்பிய குரல் செய்தியைத் தங்கள் போனிலிருந்து உடனே அழித்தும் விடுவார்கள். வியாபாரத்தை விடவே இல்லை என்று ஐயா முன்னால் எப்படிச் சொல்வது என்றுதான் அன்றைக்குக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டார்.

கருவி அனுப்பிய பதிலைத் திறந்து பார்த்தேன். 'வணக்கம் தங்கமாரி. உங்கள் புகார்: விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் பரசுராமன், நீங்கள் அறையில் தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுகிறார். வேறு விடுதி வேண்டும். சரியென்றால் 1 என அனுப்பவும்.' பெயரோடு, காரணத்தோடு, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். இரண்டு சாம்பல் டிக் விழுந்திருந்தது. சேர்ந்துவிட்டது, இன்னும் யாரும் திறக்கவில்லை.

"அழிச்சித் தொலை சார்."

"கருவி வழியாப் போனதை அழிக்க முடியாது மேடம்." கருவியின் விதிப் பட்டியலைத் திறந்தேன். "இன்னொண்ணு. அரை மணி நேரத்துல பதில் வரலேன்னா அதே செய்தி மறுபடியும் போகும்."

குழலி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கருவியை மொத்தமாக நிறுத்தினேன். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அதற்குள் குழலி பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய கட்டைப்பையை இழுத்தார். பை நிறைய நைட்டி. யாக்கோபு ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத விட்டுட்டேன்னு சொன்னியேம்மா?"

"வுடல ஐயா. வுட்டிருந்தா இன்னிக்கி எந்த மூஞ்ச வச்சிக்கினு அந்த வூட்டுக்குள்ள போவேன்? திட்டறத வந்து திட்டுங்க."

ஐயா வழிவிட்டார்.

என் காரில் கிளம்பினோம். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. குழலி என் போனில் அந்த இரண்டு டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வல்லக்கோட்டைக்குத் திரும்பும்போது, "சாப்ட்டுட்டுத்தான் போனுங்கள நோண்டும் அந்தம்மா. ரெண்டு மணிக்கு மேலதான்," என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

விடுதி நான்கு மாடி. ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்று பலகை. வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி காரை நிறுத்தினேன். குழலி பையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, புது டிசைன் வந்துகீது!" என்று சிரித்த குரலில் கூவிக்கொண்டே உள்ளே போனார். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாரோ.

இரண்டு மணி ஆறு நிமிடம். என் கையிலிருந்த போனில் இரண்டு டிக்கும் நீலமானது.

வார்டன் படித்துவிட்டார். குழலிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமா என்று நினைத்தபோது முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஒரு சின்ன லோடு வண்டி தெருமுனையில் திரும்பி வந்தது. ஓட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. ஆனால் விடுதிக்குக் காய்கறி கொண்டுவருகிறவன் வேறு யாராக இருப்பான்?

எனக்கு வீரம் கிடையாது. செய்ததெல்லாம் இதுதான்: காரைப் பின்னால் எடுத்து விடுதி வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்தேன்.

"யோவ்! வண்டிய எடுய்யா!"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது அண்ணே. ரெண்டு நிமிஷம்."

"கேட்டு நடுவுலதான் ரிப்பேர் ஆவுமா ஒன் வண்டி?" வண்டியை விட்டு இறங்கி வந்தான். நல்ல உயரம். என் காரின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தத்தில் அவன் தட்டிய கதவு எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று நாள் அந்தப் பெண் இதைத்தானே உள்ளே இருந்து கேட்டிருப்பாள் என்று நினைத்தபோது பயத்தைவிட ஆத்திரம் அதிகமானது. ஆனாலும் பானட்டுக்குள்தான் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

குழலி வெளியே வந்தார். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் ஒரு நீல டிராவல் பை.

"இன்னா அது?" என்றான் பரசுராமன்.

"நைட்டி. உங்க அக்கா எடுத்த டஜன்ல பாதிய வேணாம்னுட்டாங்க. ஒனக்கு ஒண்ணு குட்கட்டா?"

அவன் கெட்ட வார்த்தையில் ஏதோ முனகினான். குழலி ஏறினார். கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, நல்லவேளை அவன் அதைக் கவனிக்கவில்லை.

பிரதான சாலைக்கு வந்த பிறகுதான் குழலி மூச்சுவிட்டார். மடியில் தங்கமாரியின் போன் இருந்தது.

"நான் போறப்பவே தங்கமாரி போனு அந்தம்மா கையில கீது சார். படிச்சிக்கினே கீது. படிச்சி முடிச்சிட்டு என்ன பாத்துச்சி. 'நைட்டி அக்கா நீதான்'னுச்சி. நான் செத்தேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"எழுந்து போயி அந்தப் பொண்ணு துணியெல்லாம் இந்தப் பையில போட்டு எட்த்தாந்துச்சி. 'அவள இங்க திரும்ப அனுப்பாத, என்னால அவன நிறுத்த முடியாது'ன்னுச்சி. இந்த வேலைய வாங்கிக் குட்ததே அவன்தானாம். வாரத்துக்கு ஒருக்கா அதையும் போட்டு அடிப்பானாம்." குழலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் கெளம்பறப்போ என் நம்பரக் கேட்டுச்சி சார். குட்தேன். நைட்டி அக்கான்னே போட்டுக்குச்சி."

சாயங்கால இடைவேளைக்குக் கம்பெனி வாசலுக்குப் போய் ஆள் விட்டுக் கூப்பிட்டு, தங்கமாரியிடம் பையையும் போனையும் கொடுத்தோம். போலீசு வேண்டாம் என்று அழுதாள். மறைமலை நகரில் இடம் பார்த்தாகிவிட்டது, வேலை போகாது, ஊருக்கும் தெரியாது என்று குழலி நாலு தடவை சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. நான் தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, நான் யாரென்றே அவளுக்குத் தெரியாதே.

மறுநாள் கருவியைத் திரும்ப ஓட்டியபோது விதிகளைச் சொன்னது குழலி, எழுதிக்கொண்டது நான். மெஷின் கேட்கலாம், எழுதலாம், பிரிக்கலாம். வெளியே ஒரு சொல்கூட அனுப்பக் கூடாது. அது பச்சை போட்டதையும் ஒரு மனுஷி காதால் கேட்க வேண்டும். யாக்கோபு ஐயா கையெழுத்துப் போட்டார். கட்டைப்பை அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு வார்டன் ராஜலட்சுமியின் நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பதினோரு விநாடி. கருவி எழுதியிருந்தது: 'பேச்சு இல்லை. காலிச் செய்தி. நீக்கலாம்.' பக்கத்தில் பச்சை. நானும் கேட்டேன், எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, ஏதோ மின்விசிறி ஓடுவது போல இருந்தது.

குழலி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார்.

"கதவ இடிக்கிறான் சார். அந்தம்மா மூச்ச அடக்கிக்கினு கீது."

போலீசுக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். இந்தத் தடவை ஐயாவும் வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரசுராமனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், தலை கலைந்து, புருவத்துக்கு மேலே ரத்தம். விரல் இன்னும் போனை இறுக்கிப் பிடித்திருந்தது. என்னையும் பார்க்கவில்லை, ஐயாவையும் பார்க்கவில்லை. குழலியை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சிக்கா," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார் குழலி.